மூன்றாம் துணைத்தேற்றம்

சேசு மரி சூசை

ஜார்ஜ் டவுன், பினாங்கு
14 செப்டம்பர் 1931

அண்ணனுக்கு ஜூலியானா எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று வழக்கமாக எழுதுவேன். இந்தத் தபாலில் அந்த ஆவல் இல்லை. பொய் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

உங்கள் கணிதக் கட்டுரை அச்சான பத்திரிகை வந்தது. உறையைப் பிரித்தவர் அப்பா. உங்கள் பெயரைப் பார்த்ததுதான் தாமதம், அதைத் தூக்கிக்கொண்டு பூசைக்குப் போய்விட்டார். சவேரியார் கோவில் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எம் மவன் எழுதுனது. லண்டன்ல அச்சடிச்சிருக்கான் பாருங்க" என்று காட்டியிருக்கிறார். அதில் ஒரு வரி அவருக்கும் புரியாது, பார்த்தவர்களுக்கும் புரியாது. அதற்கு எனக்குக் கோபமில்லை.

என் கைக்கு அது வந்தபோது சாயங்காலம். நேரே மூன்றாம் துணைத்தேற்றத்தைத்தான் தேடினேன். உங்கள் பெரிய தேற்றம் அதன் தோளில்தானே ஏறி உட்கார்ந்திருக்கிறது? இருந்தது. என் நிறுவல், நான் எழுதிய அதே வரிசையில். என் பெயர் மட்டும் இல்லை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: "பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் உதவிய வீட்டாருக்கு நன்றி."

வீட்டார்! சோறு வடித்தவளுக்கு நன்றி சொல்வது போல!

அண்ணே, உங்களுக்கு மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். சார்புவெளிகள் என்கிற இந்தக் கணிதத்தைப் பற்றி வருகிறதில் பாதி பிரெஞ்சில் வருகிறது. உங்களுக்குப் பிரெஞ்சு ஓர் எழுத்து வராது. எனக்குக் கான்வென்டில் மதர் கற்றுக்கொடுத்தது இருக்கிறது. நீங்கள் கட்டுரையைக் கப்பலில் அனுப்புவீர்கள். நான் படித்துத் தமிழில் எழுதி, எனக்குத் தோன்றியதையும் எழுதி அனுப்புவேன். நீங்கள் அதை இங்கிலீஷில் போடுவீர்கள். ஸ்காலர்ஷிப் உங்களுக்குப் போனபோது நான் வாய் திறக்கவில்லை. "ஆம்பளப் புள்ள படிக்கட்டும், நீ டீச்சர் வேலைக்குப் போ" என்று அப்பா சொன்னார், போனேன். இன்றைக்கும் நாலாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்த மூன்றாம் துணைத்தேற்றம் மொழிபெயர்ப்பு அல்ல. எந்தப் பிரெஞ்சுக்காரனும் எழுதியதல்ல. நான் எழுதியது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த இதழில் நாலு வரி போடச் சொல்லுங்கள். மூன்றாம் துணைத்தேற்றம் பினாங்கு ஜூலியானா பீட்டருடையது என்று. வேறெதுவும் வேண்டாம்.

ஜூலியானா


இங்கிலாந்து
11 அக்டோபர் 1931

அன்புள்ள தங்கை ஜூலிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். உடனே எழுதியிருந்தால் நீ தாங்கியிருக்கமாட்டாய்.

நான் இங்கே என்ன சொகுசாக இருக்கிறேன் என்று நினைக்கிறாய்? அறை வாடகைக்கு என்ற அட்டையைப் பார்த்துக் கதவைத் தட்டினால், என் முகத்தைப் பார்த்ததும் அட்டையை எடுத்துவிடுகிறார்கள். கருத்தரங்கில் நான் எழுந்து நின்றால், "இந்தியர்களுக்கு எண்களில் ஒரு மாயம் உண்டு" என்று ஒரு கிழவர் சிரிக்கிறார். நான் இந்தியாவைப் பார்த்ததுகூட இல்லை என்று யாரிடம் சொல்ல? மாயமல்ல, நிறுவல் என்று அவர் வாயை அடைக்க எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

இங்கே ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் பதவி காலியாகிறது. மார்ச்சில் கமிட்டி கூடும். இந்தக் கட்டுரைதான் என் கையிலிருக்கிற ஒரே சீட்டு. இதன் நடுத்தூணை மலாயாவில் நாலாம் வகுப்பு எடுக்கிற தங்கை நட்டாள் என்று நானே அச்சில் போட்டால் என்ன ஆகும்? உன்னையும் நம்பமாட்டார்கள், என்னையும் வெளியே தள்ளுவார்கள். கூட்டாஞ்சோறு ஆக்கிக் கொண்டுவந்தான் என்பார்கள்.

அதோடு நீ எழுதியதை நான் அப்படியே போட்டேன் என்பதும் சரியல்ல. நீ முதல் வரியில் ஒரு நிபந்தனை வைத்திருந்தாய். அது பார்க்க அசிங்கமாக இருந்தது, தேற்றத்தை ஒடுக்கியது. எடுத்துவிட்டேன். உன்னை எனக்குத் தெரியாதா? பத்து பிரிங்கிக் கடற்கரையில் எல்லோரும் கடலில் குதித்த பிறகும் நீ மட்டும் ஒரு காலை நனைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாய். வெயிலிலும் குடை கொண்டுபோகிறவள். அந்தக் குடையைத்தான் மடக்கி வைத்தேன். நான் எடுத்ததால்தான் அந்தத் துணைத்தேற்றம் நிமிர்ந்து நிற்கிறது.

வேலை கிடைக்கட்டும். பிறகு பார்க்கலாம். அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லி அவர் மனதைக் கெடுக்காதே.

உன் அண்ணன்,
ரேமண்ட்


சேசு மரி சூசை

ஜார்ஜ் டவுன்
9 நவம்பர் 1931

திரு. ரேமண்ட் பீட்டர் அவர்களுக்கு,

குடையை மடக்கினீர்களா? மழை கொட்டுகிறது, பாருங்கள்.

உங்கள் கடிதம் வருகிறவரை நான் அந்த முதல் வரியைப் பார்க்கவே இல்லை. என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன், நிபந்தனையைத் தேடவில்லை. கடிதத்தைப் படித்ததும் ஓடிப்போய்ப் பத்திரிகையை எடுத்தேன். காணோம். கையை மேசையில் அடித்ததில் மைக்கூடு கவிழ்ந்தது. அப்பா, "என்னாடி, பூனையா?" என்றார். பூனைதான் என்றேன்.

அந்த நிபந்தனை என்ன கேட்டது? அந்தச் சார்புவெளியில் உள்ள எந்தப் புள்ளிக்கும் நாம் விரும்புகிற அளவு கிட்டே போகக்கூடிய புள்ளிகளை, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே வரிசையில் நிறுத்த முடிய வேண்டும் என்று கேட்டது. அதை அச்சத்தில் வைத்தேன் என்கிறீர்கள். என் நிறுவல் ஒவ்வொரு படியிலும் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. கைப்பிடியைப் பிடுங்கிவிட்டுப் படிக்கட்டு அழகாயிருக்கிறது என்கிறீர்கள்.

கேளுங்கள். எல்லை தாண்டாத எண்களால் ஆன முடிவற்ற வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு புள்ளி. இங்கே என் நிபந்தனை நிறைவேறாது. முதல் அளவுகோல் வரிசையின் முதல் எண்ணைப் படிக்கும், இரண்டாவது அளவுகோல் இரண்டாம் எண்ணை, இப்படியே. இந்த அளவுகோல்களில், எந்தப் புள்ளியில் வைத்தாலும் போகப்போக ஓர் எண்ணில் வந்து அடங்குகிற மாதிரி சிலவற்றை வரிசையாகப் பொறுக்கி எடுக்கலாம் என்கிறது நீங்கள் அச்சடித்த மூன்றாம் துணைத்தேற்றம். பொறுக்குங்கள். உங்கள் இஷ்டம் போலப் பொறுக்குங்கள். நீங்கள் பொறுக்கிய இடங்களில் பூச்சியம், ஒன்று, பூச்சியம், ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்த ஒரு புள்ளியை நான் நீட்டுவேன். எங்கே அடங்கும்? ஆயுசுக்கும் அடங்காது.

இவ்வளவுதான். ஒரு பத்தி. உங்கள் துணைத்தேற்றம் செத்தது. அதன் மேல் உட்கார்ந்த பெரிய தேற்றமும் அந்தரத்தில் நிற்கிறது. நான் எழுதியது பிழைத்திருக்கிறது, ஏனென்றால் நான் எழுதியது அதுவல்ல.

என் பெயரை எடுத்த கையோடு நிபந்தனையையும் எடுத்தீர்கள். பெண்பிள்ளை எழுதியது, பயந்து எழுதியிருப்பாள் என்று நினைத்தீர்கள். இதே வரியை உங்கள் கருத்தரங்குக் கிழவர் எழுதியிருந்தால், ஏன் வைத்தார் என்று ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்திருப்பீர்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதைதான்.

திருத்தம் போடுங்கள். நிபந்தனையோடு, என் பெயரோடு. நீங்கள் போடாவிட்டால் நான் போடுவேன்.

ஜூலியானா பீட்டர்


இங்கிலாந்து
6 டிசம்பர் 1931

ஜூலி,

நீ சொல்வது சரி. சரிதான், போதுமா? கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். எழுதி முடிப்பதற்குள் விளங்கிவிட்டது. சாக்குக்கட்டியை எறிந்தேன்.

ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். இதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. மார்ச் வரை யாரும் கவனிக்காமல் இருந்தால் போதும். வேலை கைக்கு வந்த பிறகு அமைதியாக ஒரு திருத்தம் போடுகிறேன். உன் பெயருக்கும் வழி பார்க்கிறேன். அவசரப்பட்டு நீ ஏதாவது எழுதினால், "தங்கையே அண்ணனைப் பொய்யன் என்கிறாள்" என்று இங்கே கொட்டமடிப்பார்கள். நம் நிறத்தில் ஒருத்தனை இந்தக் கல்லூரி இதுவரை எடுத்ததில்லை. நான் விழுந்தால் எனக்குப் பின்னால் வருகிறவனுக்கும் கதவு சாத்தப்படும். அந்தப் பாவம் உன் தலையில்.

உனக்கு என்ன நஷ்டம்? நாலு மாதம் பொறுத்தால் உன் பள்ளிக்கூடத்தில் சம்பளம் குறைத்துவிடுவார்களா? எனக்கு இது வாழ்வா சாவா. கூடப் பிறந்தவள் என்று ஒரு ஈரம் வேண்டாமா?

அப்பாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். அவர் சொன்னாலாவது கேள்.

ரேமண்ட்


சேசு மரி சூசை

ஜார்ஜ் டவுன்
4 ஜனவரி 1932

அண்ணே,

அப்பா சொன்னார். நான் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். "கூடப் பொறந்தவனக் கவுத்து விடலாமாடி? ஊரு சிரிக்கும்லா."

"அவரு முன்னயே கவுந்துட்டாருப்பா. நான் பாத்துச் சொல்றேன், அவ்வளவுதான்."

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இந்த வீம்பு? உம் பேரு அச்சுல வந்தா ஒனக்கென்ன, மாப்பிள்ளையா வரப்போறான்?"

"மாப்பிள்ள வராட்டியும் பரவால்ல. பேரு வரணும்" என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. உப்பு வேண்டுமானால் சுவரைப் பார்த்துக் கேட்கிறார். இது நீங்கள் செய்த வேலை.

எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு நான் அழுதேன், துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். எனக்கு நஷ்டமாக எதை நீங்கள் விட்டு வைத்தீர்கள்? கப்பல் உங்களுக்கு. கல்லூரி உங்களுக்கு. கருத்தரங்கில் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று குமுறுகிறீர்கள், நியாயம். சிரிக்கவாவது உங்களை உள்ளே விட்டார்கள். நான் வாசலிலேயே இல்லை. அந்த ஒரு துணைத்தேற்றம்தான் என் வேலை, என் படிப்பு, என் பட்டம் எல்லாம். உங்களுக்குப் பின்னால் வருகிறவனுக்காகக் கவலைப்படுகிறீர்கள். உங்களுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தவள் கண்ணில் படவில்லை.

கட்டுரை எழுதிவிட்டேன். சூலியா தெருவில் மனு டைப் அடிக்கிற கமாலுதீன் அண்ணனிடம் கொடுத்து அடித்து வாங்கினேன். அவர் முதல் தாளைப் பார்த்துவிட்டு, "அலாமாக், என்னாம்மா இது? கணக்குன்னே, ஒரு நம்பரையும் காணோம். எல்லாம் எழுத்தா இருக்கு" என்றார்.

"நீங்க அடிங்கண்ணே. நடுவுல எடம் விடுங்க, மிச்சத்த நான் மையில எழுதிக்கிறேன்."

"வழக்கு யாரு மேலம்மா?"

"எங்கண்ணன் மேல."

"நெலத் தகராறா?"

"அந்த மாதிரிதான். என் எடத்த அவரு பேருல எழுதிட்டாரு."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "அப்ப ஒம் பேர முழுசாப் போடும்மா. வெறும் ஜே-ன்னு போட்டா ஆம்பளன்னு நெனச்சிக்கிடுவான் லா." எனக்கு அது தோன்றவில்லை. முழுசாகப் போட்டேன்.

நேற்றைய கப்பலில் பத்திரிகை ஆசிரியருக்குப் போயிற்று. உங்களுக்கு ஒளித்து அனுப்பவில்லை என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். ஒளிக்கிற பழக்கம் எனக்கில்லை.

ஜூலியானா பீட்டர்


இங்கிலாந்து
20 மார்ச் 1932

ஜூலி,

உன் கட்டுரை என் மேசையில் இருக்கிறது.

நீ எதிர்பார்த்திருக்கமாட்டாய். இங்கே அது வழக்கம். ஒருவன் எழுதியது தவறு என்று யாராவது எழுதி அனுப்பினால், அச்சிடுவதற்கு முன் அவனிடமே அனுப்பி, உமது கருத்து என்ன என்று கேட்பார்கள். ஆசிரியர் ஒரு துண்டுத்தாளும் வைத்திருந்தார். "இந்த மிஸ்டர் பீட்டர் உமக்கு உறவா?" நீ பெயரை முழுசாகப் போட்டும் அவருக்கு நீ மிஸ்டர்தான்.

கமிட்டி கூட இன்னும் ஒரு வாரம் இருந்தது. "இது எல்லோரும் அறிந்தது, அச்சிடத் தேவையில்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும். கட்டுரை குப்பைக்குப் போகும். எழுதவும் செய்தேன். உறையில் போட்டு ஒட்டியும் வைத்தேன். உன் மேல் அவ்வளவு ஆத்திரம்.

ஒட்டிவிட்டு, இதில் என்னை என்னவெல்லாம் திட்டியிருக்கிறாய் என்று பார்க்க உன் கட்டுரையை மறுபடி எடுத்தேன். எனக்கு எழுதுகிற கடிதத்தில் வாய்க்கு வந்தபடி வைகிறவள், ஊர் பார்க்கிற தாளில் சும்மா விட்டிருப்பாயா? வரி வரியாகத் தேடினேன். ஒரு சொல் இல்லை. "ஆசிரியரின் முறை சரியானது. ஒரு நிபந்தனை விடுபட்டுள்ளது. அதைச் சேர்த்தால் அவரது தேற்றம் நிற்கும்" என்று எழுதியிருக்கிறாய். நிற்கும் என்பதற்கு நிறுவலும் கொடுத்திருக்கிறாய், நான் செய்திருக்க வேண்டிய நிறுவல். என் தேற்றத்தை அந்தரத்தில் விடாமல் நீயே முட்டுக் கொடுத்திருக்கிறாய். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

உறையைக் கிழித்தேன். ஆசிரியருக்கு இப்படி எழுதினேன்: "உறவுதான். மிஸ்டர் அல்ல, மிஸ். என் தங்கை. மூன்றாம் துணைத்தேற்றமே அவளுடையது. அதன் நிபந்தனையை நீக்கியது மட்டும் என்னுடையது. ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சிடவும்." கமிட்டிக்கும் நகல் அனுப்பினேன்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. காரணம் சொல்லவில்லை. உன் கட்டுரையா, என் முகமா, எனக்குத் தெரியாது. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை கேட்டிருக்கிறேன். உன்னைப் போல.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. இன்னும் எனக்குக் கோபம் தீரவில்லை. உன் மேல் எவ்வளவு, என் மேல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ரேமண்ட்


சேசு மரி சூசை

ஜார்ஜ் டவுன்
27 ஜூன் 1932

அண்ணே,

இதழ் வந்தது. "மிஸ் ஜூலியானா பீட்டர், பினாங்கு." அச்சில் பார்த்தேன். கட்டுரைக்குக் கீழே ஆசிரியர் உங்கள் வரிகளையும் போட்டிருக்கிறார், மூன்றாம் துணைத்தேற்றம் யாருடையது என்று. நான் கேட்ட நாலு வரி வந்துவிட்டது. வந்ததும் என் கோபமெல்லாம் கரைந்து ஓடிவிடும் என்று நினைத்திருந்தேன். ஓடவில்லை. கேட்காமலே வந்திருக்க வேண்டிய நாலு வரிக்கு நான் சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே என்று இன்னொரு கோபம் சேர்ந்துகொண்டது.

அப்பா இதழைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஜனவரியிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இதுல யாரு சொன்னது சரி?"

"நான் சொன்னதுப்பா."

"அப்ப அவன் சொன்னது?"

"தப்பு. அவரே எழுதியிருக்காரு, பாருங்க."

உங்கள் வரிகளை விரலால் தடவி, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தார். பிறகு இதழைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினார். உங்களுடையதைக் கோவில் வாசலில் காட்டியவர், என்னுடையதைப் பூட்டினார். எனக்குப் பற்றி எரிந்தது. சாவி மாதா படத்துக்குப் பின்னால் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? காலையில் எடுத்துக் கான்வென்டுக்குக் கொண்டுபோனேன். மதர் என் பெயரைப் பிரெஞ்சு மாதிரி இழுத்துச் சத்தமாகப் படித்தார். ஆசிரியைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாயங்காலம் இதழைத் திரும்ப அலமாரியில் வைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில், அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதை நகர்த்தாமல் சாப்பிட்டார்.

சாப்பிட்டு எழுந்திருக்கும்போது, "அவனுக்கு எழுதுனா, வேளைக்குச் சாப்புடுறானான்னு கேளு" என்றார். கேட்டுவிட்டேன். அது அப்பா கேட்பது. நான் கேட்கவில்லை.

உங்கள் வேலை போனதற்கு நான் வருத்தம் தெரிவிக்கமாட்டேன். போனது என் கட்டுரையால் என்றால், அது நீங்கள் விதைத்தது. உங்கள் முகத்தால் என்றால், அந்தக் கமிட்டியை நினைத்து உங்களைவிட எனக்கு ஆத்திரம் அதிகம். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

உறையைக் கிழித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். கிழித்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒட்டினீர்களே, அது எனக்கு மறக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையின் நான்காம் துணைத்தேற்றமும் ஓட்டை. நீங்கள் பார்க்கவில்லை, நானும் மூன்றாவதிலேயே கண்ணாக இருந்ததால் பார்க்கவில்லை. அதைச் சரிசெய்யப் பாதி வழி எனக்குத் தெரிகிறது. மீதிப் பாதி உங்கள் முறையில்தான் வரும். எனக்கு அது கைவராது. இத்துடன் ஆறு தாள் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சாயங்காலங்களில் வேலை இருக்காது. எனக்குத் தெரியும்.

முதல் தாளின் தலையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. ஆங்கில எழுத்து வரிசைப்படி போடுவது உங்கள் பத்திரிகைகளின் வழக்கமாம், அதனால் என்னுடையது முன்னால். நிபந்தனை அதற்கு நேர் கீழே, முதல் வரியில். இரண்டிலும் கை வைக்காதீர்கள்.

ஜூலியானா பீட்டர்